தொண்ணூறு ரூபாய்க்குள்

சீட்டுக் குலுக்கிப் போட்டதில்
எனக்கு வந்தவள் ஜெபக்கனி.
ஜன்னலோரக் கட்டில், மேல்தட்டு,
தூக்கத்தில் எண் சொல்கிறவள்.
பரிசு தொண்ணூறு ரூபாய்க்குள் இருக்கணும்,
கோப்பை கூடவே கூடாது
என்று சட்டம் போட்டாள் முனிரத்னா.
போன வருடம் ஆறு பேருக்கும் ஆறு கோப்பை.

ஓசூரில் டிசம்பர்.
விடுதிக் குழாயில் தண்ணீர் கடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டைக்குப் போனேன்.
சந்தைக்குப் பின்புறம்
கால் கட்டிய ஆடு வானம் பார்த்துக் கிடந்தது,
சவரக் கடை நாற்காலியில் சாய்ந்த
கல்யாண மாப்பிள்ளை போல.
கம்பளி என்ன விலை என்றேன்.
கத்தரியை நிறுத்தாமல் சிரித்தார்.
"போர்வையா நெய்தா கம்பளி.
அதுவரைக்கும் வெறும் மயிரு.
மயிருக்கு எவன் விலை சொல்லுவான், அள்ளிக்கோ."

அரிசிப்பை நிறைய அள்ளினேன்,
முக்கால் கறுப்பு, கால் வெள்ளை.
திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
மத்திகிரி வரை காலியாகவே வந்தது.

இரண்டு ரூபாய் ஷாம்பு, நாலு பாக்கெட்.
முதல் தண்ணீர் கடுங்காபி.
மூன்றாம் தண்ணீரிலும் ஆடு போகவில்லை.
"எந்த ரூம்ல ஆடு வளக்கறீங்க?" என்று
வார்டன் மூன்று மாடியும் ஏறி இறங்கினாள்.
மொட்டைமாடியில் உலர்த்தி
நெருஞ்சி பொறுக்கி, ஒட்டுப்புல் பொறுக்கி
பல் போன சீப்பால் வாரினேன்.

தபாலில் வந்த ஊசிக்குக் காதில்லை.
நூல் அதற்குத் தேவையில்லை.
முனைக்கு மேலே
விரலுக்கு மட்டும் தெரிகிற சின்ன முள்வெட்டுகள்.
பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சின் மேல்
உருண்டையை வைத்துக் குத்து. திருப்பு. குத்து.
வித்தை அவ்வளவுதான்.

சந்தூரில் பிறந்தவள்,
மாம்பழம் செய்யத்தான் நினைத்தேன்.
மஞ்சள்தூளில் ஊறிய வெள்ளை
காமாலை நிறத்தில் வந்தது.
மிச்சமிருந்த கறுப்போ
நான் சொல்வதற்கு முன்பே காகமாக இருந்தது.

நூறு குத்தில் பஞ்சு.
ஐந்நூறில், பூனை கக்கியது என்றாள் பூவிழி.
ஆயிரம் தாண்டி எங்கேயோ
ஊசி தயங்கியது, உருண்டை இறுகியிருந்தது.
முடிச்சில்லை, பசையில்லை,
உள்ளே எது எதைப் பிடித்துக்கொண்டதென்று
குத்திய எனக்கே தெரியாது.
இரவு ஷிப்ட் முடிந்து வந்த விடியல்களில்
மேல்தட்டில் ஜெபக்கனி
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று முனக
அந்தக் கணக்குக்கே குத்தினேன்
அவளுக்கான அலகை.

மூன்று ஊசி ஒடிந்தது.
ஒன்று என் கட்டைவிரலில்.
மறுநாள் கம்பெனி வாசல் இயந்திரம்
என் ரேகையை முகர்ந்துவிட்டு
நீ யாரோ என்றது.
ஊதிவிட்டு, துப்பட்டாவில் துடைத்து வைத்தேன்.
யாரோ.
எச்சில் தொட்டு வைத்தேன். யாரோ.
பதினாறு நிமிடத் தாமதம்,
அரைநாள் சம்பளம்.
முனிரத்னா கணக்குக் கேட்டபோது
எண்பத்திரண்டு ரூபாய் என்றேன்,
விரலை மடக்கிக்கொண்டு.

ஜெபக்கனி பொட்டலத்தைப் பிரித்தாள்.
கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.
"வால் எங்கடி?"
வாலை மறந்தே போயிருந்தேன்.
"சரி விடு, கூட்டுல உக்காந்திருக்கு" என்று
அடையாள அட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

தூசு நீக்கும் காற்றறை வாசலில்
சூப்பர்வைசர் கையை நீட்டித் தடுத்தார்.
"இதுல ஒரு மயிர் உள்ள போச்சுன்னா
ஒரு போர்டு காலி. நாலாயிரம் ரூபா."

தேன்கனிக்கோட்டைக்காரருக்கு
யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

லாக்கர் கம்பியில் காகத்தை மாட்டிவிட்டு
குல்லாய் போட்டு, கண் மட்டும் தெரிய
உள்ளே போனோம்.

ஒன்பது மணி நேரம் கழித்து வந்தால்
அதே கம்பியில் அதே காகம்,
கறுப்பு இன்சுலேஷன் டேப்பில்
யாரோ வெட்டி ஒட்டிய வாலோடு.