ஏட்டில் ஒரு கோளாறு

நிலத்தடியில் இரண்டாம் தளம். சன்னல் இல்லை.
வருகிறவர்களின் தோளைப் பார்த்துத்தான்
மேலே மழையா என்று தெரிந்துகொள்வேன்.
பெர்கனில் அது பெரிய தகவலும் அல்ல.

இந்த இயந்திரம் யாருடையதும் அல்ல.
பதினேழு ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து வாங்கியது,
ஆகவே பதினேழும் தன்னுடையது என்றே நினைக்கின்றன.
மணிக்கு எண்ணூற்றைம்பது குரோனர்,
இரவென்றால் பாதி.
ஊசிமுனையை அடைத்துவிட்டுச் சொல்லாமல் போனவரிடம்
மூன்று வாரம் முகம்கொடுத்துப் பேசமாட்டேன்.
அது விதிப்புத்தகத்தில் இல்லை.

செய்வது எளிய வேலை.
எழுபது மைக்ரான் துளைவழியே
செல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறோம்.
ஒவ்வொன்றின்மீதும் நீல லேசர் பட்டு விலகும்.
மின்னியது எதுவோ அதன் துளி மட்டும்
கொஞ்சம் மின்னேற்றம் வாங்கி வலக்குழாய்க்குத் திரும்பும்.
மற்றதெல்லாம் நேரே கழிவுக்கு.
நொடிக்கு எட்டாயிரம்.
ஒன்றுகூட முண்டியடிப்பதில்லை.
மனிதர்களை வரிசையில் நிறுத்தத்தான்
எனக்குச் சம்பளம்.

செவ்வாய் மாலை நான்கிலிருந்து எட்டு
எய்விண் ஹோவ்லாண்டின் நேரம்.
இரண்டு மாதம் முன்பே பதிந்தது.
அன்று விடியலில் பண்ணையில் பன்னிரண்டு சால்மன்களைக் கொன்று
தலைச்சிறுநீரகம் அரித்து, வடிகட்டி,
பனிக்கட்டிப் பெட்டியோடு மூன்றரைக்கே வந்துவிட்டார்.
அறையெங்கும் துறைமுக வாடை.

நான்காகப் பத்து நிமிடம்.
குழந்தைகள் பிரிவிலிருந்து ராக்ன்ஹில்ட்,
மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் ஓடி வந்தவள்,
உள்ளங்கையில் ஒரு குழாய்.
எலும்பு மஜ்ஜை. மூன்று மில்லிலிட்டர். வயது நான்கு.
இன்றிரவு மருந்து தொடங்குகிறார்கள்,
நாளை இந்தச் செல்கள் இந்த உடம்பில் இருக்காது.

ஒன்று சொல்லவேண்டும்.
அந்தக் குழந்தைக்கு இதனால் எதுவும் ஆகப்போவதில்லை.
இது ஆராய்ச்சி.
பின்னால் வரும் ஏதோ ஒரு குழந்தைக்கு ஆகலாம்,
ஆகாமலும் போகலாம்.
இது எங்கள் மூவருக்குமே தெரியும்.

"எவ்வளவு நேரம்?" என்றார் எய்விண்.
"மூன்று மணி."
"ஏழுக்குள் என்னுடையவை பாதி செத்துவிடும்."
யாரும் பதில் சொல்லவில்லை.
"சரி" என்று அவரும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றினார், ஒரு விரல், பிறகு இன்னொன்று,
பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனார்.

கதவின் கண்ணாடியில் அவர் தெரிந்துகொண்டே இருந்தார்:
பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்பது,
எழுந்துபோய்ப் பனிக்கட்டி அள்ளி வருவது,
பெட்டியைத் திறந்து பார்ப்பது, மூடுவது.
செல் சாவதைக் கண்ணால் பார்க்க முடியாது.
ஆனாலும் பார்ப்போம்.

ஏழு ஐந்துக்கு அவர் முறை.
உயிரோடிருந்தவை நாற்பத்தொரு சதவீதம்.
"மீன்கள் இன்னும் உண்டு" என்றார்,
என்னிடமா, திரையிடமா, தெரியவில்லை.

விதி இப்படி:
இருபத்துநான்கு மணிக்குள் நேரத்தை விட்டால்
முழுத்தொகையும் விட்டவர் கணக்கில்.
மூவாயிரத்து நானூறு.
இரக்கம் என்றொரு கட்டம் மென்பொருளில் இல்லை,
தேடிப்பார்த்தேன்.
இருந்தது ஒன்றே ஒன்று, அதை அழுத்தினேன்:
இயந்திரக் கோளாறு, 16.00 முதல் 19.00 வரை.
பதினோரு ஆண்டில் இந்த ஏட்டில் என் முதல் பொய்.

கோளாறு என்று எழுதினால் கடிதம் தானாகப் போகும்
என்பதை மறந்திருந்தேன்.
வியாழனன்று கோத்தன்பர்கிலிருந்து உல்ஃப் வந்து நின்றார்,
இரண்டு பெட்டி நிறையக் கருவிகள், தோளில் மழை.
மூடியைக் கழற்றினார். லேசரை அளந்தார்.
குழாய் குழாயாகத் தட்டினார்.
நான் காப்பி கொடுத்தேன், திரும்பத் திரும்ப,
குற்றவாளிகள் கொடுக்கிற மாதிரி.

ஆறு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு
"கண்டுபிடித்துவிட்டேன்" என்றார்.
பின்பக்கத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்ததாம்.
ஏட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்:
கோளாறு நீக்கப்பட்டது.

திருகு நிஜமாகவே தளர்ந்திருந்ததா,
அவரும் ஆறு மணி நேரத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியிருந்ததா,
நான் கேட்கவில்லை.
அன்றிலிருந்து இயந்திரம்
முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் ஓடுகிறது.