வருந்துகிறோம்

மூன்றாம் பக்கம் நான் கட்டியது.
'சத்துணவு முட்டையை விற்ற அமைப்பாளர்',
ஐந்து காலத் தலைப்பு, கீழே படம்.
முட்டை நிஜம், வழக்கு நிஜம், கைதும் நிஜம்.
செக்கானூரணி என்று இருக்க வேண்டிய இடத்தில்
கருமாத்தூர் என்று விழுந்துவிட்டது.
அதனால் ஆள் மட்டும் வேறு.

வக்கீல் நோட்டீஸ் வந்ததும் ஆசிரியர் கேட்டார்:
"எத்தனை வரி போடணும்?"
நாலு போதும் என்றேன்.
ஏழாம் பக்கத்தில்
கண்ணீர் அஞ்சலிக்கும் போர்வெல் விளம்பரத்துக்கும் நடுவே
இடம் கிடந்தது.

உசிலம்பட்டி கோர்ட் வராந்தாவில்
பிலோமினாவை முதல்முறையாக நேரில் பார்த்தேன்.
படத்தில் இருந்ததைவிட ஒல்லி.
எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று
எங்கள் வக்கீல்தான் கேட்டார்.

"சொந்தக் காசுல
அரை டஜன் முட்டை வாங்கி
பையை மூடாம
எங்க தெருவுல நடந்து வரணும் சார்.
எட்டு மாசமாச்சு.
பையன் ஆம்லெட் கேக்குறதையே விட்டுட்டான்."

வக்கீல் பேனாவைத் திறந்தபடி
தொகைக்காகக் காத்திருந்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்
பருப்பு வடை மடித்துத் தந்த தாளில்
நான் வைத்த தலைப்பு.
எண்ணெய் ஊறி
அவர் முகம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

கட்டுக் கட்டாய் எடைக்குப் போன பேப்பர்.
ஏழாம் பக்கமும் அதில்தானே போயிருக்கும்?
வேண்டாத பசிக்கு
இன்னும் இரண்டு வடை வாங்கினேன்.

ராசிபலன் வந்தது.
அப்புறம் இரண்டு கேட்டேன்.
கடைக்காரர்
வாழை இலையில் வைத்துக் கொடுத்தார்,
"பேப்பர் தீந்துபோச்சுண்ணே."