இருபத்தொன்றுக்கு ஒன்பது

அலுவலகம் கொடுத்த திரை
கார் டிக்கியில் நுழையவில்லை.
பின்சீட்டில் படுக்கவைத்து
சீட்பெல்ட் போட்டு
பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல
நாற்பதிலேயே ஓட்டிவந்தோம்.

முப்பத்து நாலு அங்குலம்.
மேசையைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு
ரெஜைனாவின் அக்டோபர் மதியத்தில்
வெறும் நீலமாக எரிந்தது.
ஆலங்கட்டி அடித்த கூரைகளை
நாளெல்லாம் படத்தில் பார்த்து
இழப்பீடு எழுதுவது என் வேலை.
கோப்புகளை மூடினால்
கண் போய் இறங்க ஓர் இடம் வேண்டாமா?

அதற்குத் தெரிந்த வினைச்சொற்கள் ஐந்து:
நிரப்பு. பொருத்து. நீட்டு.
ஓடாகப் பரப்பு. நடுவில் வை.

மகனின் பள்ளிப் படத்தை நிரப்பினேன்.
நெற்றி போயிற்று, தாடை போயிற்று,
முகமூடிக் கொள்ளைக்காரனைப்போல
கண்ணும் மூக்கும் மிச்சம்.
கல்யாணப் படத்தை நீட்டினேன்.
அன்றைக்கு ஐம்பத்தெட்டு கிலோ இருந்த அருள்வேந்தன்
மணவறை முழுக்க உட்கார்ந்தான்.
என் ஒட்டியாணம்
ரயில்வே கேட் மாதிரி குறுக்கே கிடந்தது.
நயாகரா மதகாயிற்று.
மதுரையில் எடுத்த கோபுரத்தில்
ஒரே ஒரு நிலை தப்பியது,
அதிலும் யாரோ ஒரு துவாரபாலகரின் முழங்கால்.
பொருத்தினால்
இருபுறமும் கறுப்புப் பட்டை நெருக்க
லிஃப்டுக்குள் நின்றது கோபுரம்.

அகலத்திரைக்கென்றே இணையத்தில் கிடைப்பவை
ஆல்ப்ஸ் மலை,
மழையில் ஒரு ஜப்பானியத் தெரு,
கண்ணாடி ஏரி, ஏரியில் ஆளில்லாத படகு.
ஆள் இருந்தால்
கழுத்தோடு வெட்டுப்படுவான் என்று பயமோ என்னவோ.
பாதி ராத்திரி அதில் போயிற்று.
பொறுக்கி இறக்கிய ஒன்றும்
சிந்திய கோலமாவாய்ப் புள்ளி புள்ளியாக உடைந்தது.

கைபேசியில் பதினோராயிரம் படங்கள்.
ஒன்றுவிடாமல் நின்றுகொண்டிருக்கின்றன.
எங்கள் வீட்டில் யாரும்
கைபேசியைப் படுக்கவைத்து
எதையும் பார்த்ததில்லை.

அருள்வேந்தனுக்கு எஸ்டர்ஹேசியில் பொட்டாஷ் சுரங்கம்.
பதினாலு நாள் தரைக்கு அடியில்,
பதினாலு நாள் வீட்டில்.
ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடும் வழியில்
பல்கோனி தாண்டியதும் காரை ஓரங்கட்டினேன்.

நாய் ஓடிப்போனாலும்
மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று
இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.
அறுத்த கோதுமையின் தாள்கட்டை.
அதற்குமேல் வானம்.
நடுவில் பேச ஒருவரும் இல்லை.

பனோரமா வைத்தேன்.
மெதுவாக, மெதுவாக என்றது கைபேசி.
இடது ஓரத்தில் அவன்,
சுரங்க பூட்ஸ், பைக்குள் கைகள்.
அவனைக் கடந்து வயல்.
வயலில் ஒரு சரக்கு ரயில் வந்து மாட்டிக்கொண்டது.
நான் திரும்பிய திசையிலேயே அதுவும் போனதால்
ஒரே பெட்டி
முடியாமல் நீண்டது.
முதுகுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம்,
ரயில் என்றே நினைத்தேன்.

வலது ஓரத்தில் மறுபடி அவன்.
நாற்பத்தாறு வயது.
வாய் திறந்து மூச்சு வாங்க,
ஒரு பூட்ஸின் கயிறு அவிழ்ந்து.

வானத்தில் கொஞ்சம் நறுக்கியதும்
கச்சிதமாக உட்கார்ந்தது.
ஐகான்கள் மட்டும்
இடப்பக்கத்து அருளின் முகத்தில் ஈயாக மொய்த்தன.
எல்லாவற்றையும் இழுத்து
நடுவயலில் கொட்டினேன்,
கூரைகள், கோரிக்கைகள், குப்பைத்தொட்டி.
வலப்பக்கத்து அருள்
மணி காட்டும் இடத்தில் காலை வைத்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்தபோது
வினிபெக்கிலிருந்து டெனீஸ் கேட்டாள்:
இரட்டையரா?
ஆமாம் என்றேன்.
ஒருத்தன்தான் வீட்டுக்கு வருவான்.

இன்று ஒன்பதாம் நாள்.
நாற்பது கூரை முடித்து
கோப்புகளை ஒவ்வொன்றாக மூடுகிறேன்.
ரயில் பெட்டி இன்னும் முடியவில்லை.
இடது ஓரத்தில் நிற்பவன்
இன்னும் ஓடத் தொடங்கவில்லை.