ஊர்ந்து தேய்ந்தது

போர்ட் லூயி, லைன் பராக்ஸ் முற்றம்.
ஆறு வண்டிகளைச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள்,
விசாரணைக்குப் பிடித்து வந்தவர்களைப் போல.
நீல விளக்கைப் பிடுங்கிய இடத்தில்
இரண்டு ஓட்டைகள், அவற்றில் மழைநீர்.
ஏலம் கூறியவர் சார்ஜென்ட்டா குமாஸ்தாவா, தெரியவில்லை.
பையில் மைக்கறையும் இருந்தது, தோளில் பட்டையும் இருந்தது.

முப்பதாயிரம் என்றேன்.
பழைய இரும்புக்காரர் சுப்ராயென்
(சுப்பராயனின் வால் பிரெஞ்சில் நனைந்து
இப்படிச் சுருங்கி நாலு தலைமுறை ஆயிற்று)
முப்பத்திரண்டு என்றார், என்னைப் பார்க்காமலே.
அவருக்கு அது எடை.
எனக்கு என்ன என்று யாராவது கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.
நாற்பத்தொன்றில் அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.
மூன்று இடத்தில் கையெழுத்து.
நீலப் பட்டையை மறைக்காமல் சாலையேறக் கூடாது
என்று ஒரு தாள்.

ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய பச்சையை அடித்தேன்.
தள்ளி நின்று பார்த்த ஷிர்லி சொன்னாள்,
வேலையை விட்ட போலீஸ்காரன்
பூச்சட்டை போட்ட மாதிரி இருக்கிறது.

ரோஸ் ஹில்லில் ஜெராம் கிளட்சைத் திறந்தான்.
முதலில் கிரியோலில் ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு மரியாதையாக:
முசே பாவாடை, இது ஓடித் தேய்ந்ததில்லை.
ஊர்ந்து தேய்ந்தது.

மீட்டரில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
ஒரே பகலில் சுற்றி முடிக்கிற தீவுக்குள்ளேயே
பூமியை மூன்று சுற்று.
அதில் பாதி முதல் கியரில்,
யாருக்காவது முன்னால்.
மந்திரி கார், சவ ஊர்வலம், சைக்கிள் பந்தயம்,
தைப்பூசம்.

நான் எடுத்தது ஒரே ஒரு காவடி.
வேண்டுதலைச் சொல்லமாட்டேன்,
பாதி பலித்தது.
நாக்கில் ஒரு வேல், கன்னத்தில் ஒன்று.
பேச முடியாது, எச்சில் விழுங்க முடியாது.
தீயணைப்பு வண்டி தெளித்த தண்ணீர்
தாரில் விழுந்த கையோடு ஆவியாகப் போனது.
முருகனை நினை, முருகனை நினை என்று
பக்கத்தில் வந்த தங்கவேலு முதுகைத் தட்டினார்.
நினைத்தேன். வரவில்லை.
கண்ணுக்கு நேரே வந்ததெல்லாம்
ஒரு போலீஸ் வண்டியின் பின்விளக்கு.
எரிந்தால் நில்.
அணைந்தால் ஓரடி.
நாலு மணி நேரம் அது சொன்னதைக் கேட்டே
மலைக்கோயில் படிவரை போனேன்.
ஓட்டியவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.
இரண்டு பூட்சையும் தரையில் தேய்த்துத் தேய்த்து
வண்டியை நகர்த்தினார்.
யோசித்தால், அவரும் நடந்துதான் வந்தார்.

இதே வண்டியா?
ஆறு நின்றன அங்கே. ஐந்தை நான் தொட்டே பார்க்கவில்லை.
என்ஜின் செதில்களுக்குள்ளிருந்து குத்தியெடுத்த
கருகிய எலுமிச்சை விதை ஒன்றை ஜெராம் நீட்டினான்.
காவடியிலிருந்து விழுந்திருக்கலாம்.
ஊறுகாய் தின்ற எவனோ துப்பியும் இருக்கலாம்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
துவைக்கும்போது ஷிர்லி அதை எறிந்துவிட்டாள்.

ஞாயிறு, போ பஸ்ஸேன் சாலை, தூறல்.
பச்சைக்கு அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்க்கிறது.
என்னை யாரும் முந்துவதில்லை.
பின்னால் ரொட்டி வேன், அதற்குப் பின்னால் பஸ்,
டாக்ஸி, அன்னாசிப் பழ வண்டி, ஒரு கல்யாணக் கார்,
எல்லாம் முப்பதில், பணிவாக.
மூலையில் நிற்கும் பையன்கள்
சிகரெட்டை முதுகுக்குப் பின் கொண்டுபோகிறார்கள்.

அவங்களைப் போகச் சொல்லேன் என்று
ஷிர்லி விலாவில் இடிக்கிறாள்.
கையை நீட்டி அசைக்கிறேன்: போங்கள், போங்கள்.
அவ்வளவுதான்.
ரொட்டி வேன்காரன் அவசரமாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு
இன்னும் மெதுவாகிறான்.

முன்னால் மஞ்சள் விளக்கு.
பிரேக்கைத் தொடுகிறேன்.
என் முதுகுக்குப் பின்னால்,
நான் பார்க்க முடியாத இடத்தில்,
அது எரிந்திருக்கும்.