விடை எண் ஒன்பது

ஒமாஹாவில் எங்கள் கூடத்தில் அறுபது தொலைபேசிகள்.
திரையில் கேள்வி வரும்.
அதில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்பது முதல் விதி.
வியக்கக்கூடாது என்பது இரண்டாவது.
வெறும் ‘அப்படியா’கூட
ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

அந்த வாரம் பதினேழாவது கேள்வி:
ஊர் ஊராகக் கூடும் வரி எதிர்ப்பாளர்களைப் பற்றி
உங்கள் அபிப்பிராயம்
மிக நல்லதா, ஓரளவு நல்லதா,
ஓரளவு மோசமா, மிக மோசமா?

இண்டியானாவில் ஒருவர் எடுத்தார்.
வெண்டல் ஸ்ட்ரோமயர், அறுபத்து மூன்று,
குழாய்ச் சாமான் கடை.
அவருக்குப் பின்னால் ஒரு நாய்,
நாய்க்குப் பின்னால் ஏதோ வறுபடும் சத்தம்.
“அதில் நானே ஒருத்தன் அம்மா.
என்னைப் பற்றி என்னிடமே கேட்கிறாயா?”
கேள்வியை முதலிலிருந்து படித்தேன்.

வங்கிக்குக் கொடுத்தார்கள், என்றார்,
கார் கம்பெனிக்குக் கொடுத்தார்கள்,
என் கடைக்கு நோட்டீஸ் வந்தது.
சனிக்கிழமை கோர்ட் வாசலில் முந்நூறு பேர் நின்றோம்.
என் ஆயுளில் முதல் தடவை
ஒரு கூட்டத்தில் நான் கத்தினேன்,
என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.
கலையும்போது காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனோம்,
அதை எவனும் எழுதவில்லை.

வறுபடும் சத்தம் நின்றது.
அவர் குரலும் இறங்கியது.

அங்கே ஒருவன் ஓர் அட்டை பிடித்திருந்தான்.
அதில் இருந்ததை உன்னிடம் சொல்ல மாட்டேன்.
கீழே போடு என்றேன். போடவில்லை.
நானும்
நகர்ந்து நிற்கவில்லை.
என் மருமகள் குவாத்தமாலாக்காரி.
பேரனுக்கு அவள் கண்.
இதை எந்தப் பொத்தானில் போடுவாய்?

இருபத்திரண்டு நிமிடம்.
எங்கள் சராசரி ஒன்பது.
மேற்பார்வையாளர் மேசையில் என் விளக்கு சிவந்துவிட்டது.
மிக நல்லதா, ஓரளவு நல்லதா, என்று ஆரம்பித்தேன்.
“ஓரளவு என்று போடு.
வேண்டாம், போடாதே.
தெரியாது என்று ஒன்று இருக்குமே?”
இருந்தது. எண் ஒன்பது.
நாங்களாகப் படித்துக் காட்டக்கூடாது,
அவர்களாகக் கேட்டால் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை, சலவைக் கடையில்,
உலர்த்தியின் மேலிருந்த டிவியில் அந்தக் கோர்ட் வாசல்.
திரை முழுக்க அந்த அட்டை, பதினோரு நொடி.
ஓரத்தில் பழுப்புச் சட்டைக்காரர் ஒருவர், வாய் திறந்தபடி.
யாரோ சேனலை மாற்றினார்கள்.
அதே வாசல். கொடிகள்.
முக்கோணத் தொப்பியில் ஒரு குழந்தை.
அட்டை இருந்த இடத்தில் ஒரு மேப்பிள் மரம்.
பழுப்புச் சட்டை இங்கேயும் இருந்தது, தோள்வரை வெட்டுப்பட்டு.
அவர்தானா, தெரியாது.
எனக்குத் தெரிந்தது குரல்.
இரண்டு சேனலிலும் அவருக்குக் குரல் கொடுக்கவில்லை.

புதன்கிழமை முடிவு வந்தது. நாற்பத்தொன்று.
நாற்பத்தொரு சதவீதம் மட்டுமே, என்றது ஒன்று.
நாற்பத்தொரு சதவீதம்! என்றது மற்றது.
எண் பாவம், இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிட்டது.
வட்டப் படத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கீற்று,
கருத்தில்லை, ஆறு.
செய்தி வாசித்த பெண் அதை வாசிக்கவில்லை,
அடுத்தது வானிலை.

அந்தக் கீற்றுக்குள்தான் நாய் இருக்கிறது,
அடுப்பும், தூக்கம் வராத ஒரு சனிக்கிழமை இரவும்.

அன்று சாயங்காலம் என் தங்கை ரொவீனா
போனில் கொதித்தாள்.
அவள் போகும் ஊர்வலங்கள் வேறு.
“பார்த்தாயா அந்த அட்டையை?
அதுதான் அவர்கள். அத்தனை பேரும்.
நீ என்ன நினைக்கிறாய்?”
நான் வாயே திறக்கவில்லை.
யாராவது நான்கு விடைகளைப் படிப்பார்கள் என்று
காத்திருந்தேன் போலிருக்கிறது.

மூன்றாவது விதி,
கூடத்தில் கேட்டது கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது.
இதோ, மீறிவிட்டேன்.
பெயரை மாற்றியிருக்கிறேன், கடையையும்.
நாயை மாற்றவில்லை.