இரண்டு கிலோ

கிண்ணியா முபாரிஸ் சொன்னது இவ்வளவுதான்:
"ரெண்டு கிலோவுக்கு மேல ஏலா மச்சான்,
பெட்டிக்குள்ள உம்மாட கருவாடு கிடக்கு.
கேக்குக்குப் பிரண்டி ஊத்திராதங்க,
நான் தூக்கிட்டுப் போற சாமான்."

ஆகவே எமல்டா,
இந்த முறை முந்திரிவத்தலும் இஞ்சிப்பாகும்
தோடம்பழச் சாற்றில் மூன்று நாள் ஊறின.
நிறத்துக்குக் கொஞ்சம் சாயத்தேத்தண்ணி.
உன் கொப்பியில்
முட்டை இருபத்தைந்து என்று எழுதி
பக்கத்தில் பென்சிலால்
"காசு இருந்தால்" என்றிருக்கிறது.
இருந்தது பதினொன்றுக்கு.

கஜு வெட்டியது செரோனி.
வெட்டியதில் மூன்றில் ஒன்று அவள் வாய்க்குள்.
நான் கணக்குப் பார்க்கவில்லை.
சீனன்குடா மாவாலையில்
இரவு முழுக்க மூட்டை எண்ணுகிற ஆள் நான்,
வீட்டில் எண்ண விருப்பமில்லை.

தட்டைத் துணியால் மூடி
சைக்கிள் கரியரில் கட்டி
மழை விட்ட இடைவெளியில் பேக்கரிக்கு ஓடினேன்.
பாண் இறங்கியபின் மிஞ்சும் சூட்டில்
எங்கள் தெரு முழுக்க அங்கேதான் கேக் வேகும்.
துண்டுக் கடதாசியில் பெயர் எழுதி வை என்றார்கள்.
என் பெயரை எழுதப் போய்
உன் பெயரை எழுதிவிட்டேன்.
நாலு மணிக்குப் போறணைக்காரர்
கரி படிந்த கையால் தட்டை இழுத்து
உரத்துக் கூப்பிட்டார்: "எமல்டா!"
மூன்று வருஷமாக
இந்த ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.
"இருக்கிறா" என்று
கையைத் தூக்கினேன்.

நட்சத்திரக் கூட்டைப் பற்றிக் கேட்காதே.
ஈர்க்கில் கட்டினது, ஒரு முனை குட்டை.
பாலன் குடிலுக்கு இவள் குரக்கன் விதைத்து
சிரட்டைகளில் பச்சை வந்திருந்தது, நல்ல பச்சை.
வெயில் காணட்டும் என்று முற்றத்தில் வைத்தோம்.
விடியப் பார்த்தால்
பஸ் நிலையத்துப் பக்கம் திரியுமே, அந்தப் புள்ளிமான்,
பெத்லகேமின் வயல் முழுவதையும் மேய்ந்துவிட்டு
வைக்கோலையும் இழுத்துக்கொண்டு நிற்கிறது.
சூசையப்பர் குப்புற விழுந்து கிடக்கிறார்.
அடிக்க ஓங்கிய விளக்குமாற்றை
செரோனி பிடித்துக்கொண்டாள்.
"பெத்லகேமில மான் இருந்ததா அப்பா?"
"இல்ல."
"இஞ்ச இருக்கு."

பிறகு அவள் மிச்ச ஐசிங்கில் ஒரு மான் பிசைந்தாள்.
பார்த்தால் ஆடு.
மிளகு குத்தின கண், கராம்பு கொம்பு,
புள்ளிக்குச் சீனி.
மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில்
ஒரு இரவு நிறுத்தி வைத்துவிட்டு
மறுநாள், "இது அம்மாவுக்கு" என்றாள்.

கடைத் தராசில் வைத்தோம்.
கேக், பதினைந்து கொக்கிஸ்,
சோகி பொரியும் எள்ளும் என்று நீ கேட்ட உருண்டை, மான்.
இரண்டு கிலோ நூற்று நாற்பது.
கொக்கிஸ் ஐந்தை எடுத்தேன். முள் அசைந்ததே தவிர
இறங்கவில்லை; எண்ணெய் பிடித்திருந்தால்
கொஞ்சம் கனம் இருந்திருக்கும், மொறுமொறுப்பு அப்படி.
"மானை எடுங்களன்" என்றார் கடைக்காரர்.
செரோனி அவரைப் பார்த்த பார்வையில்
அவரே கத்தியை எடுத்துத் தந்தார்.
கேக்கின் ஒரு விளிம்பை வெட்டி
மூன்று பேரும் அங்கேயே நின்று தின்றோம்.
பிரண்டி இல்லாததை
மழை இரைச்சல் கொஞ்சம் மறைத்தது.

முபாரிஸ் கத்தாரில் இறங்கி நாலாம் நாள்
உன் குரல் வந்தது. பதினாலு செக்கன்.
முதல் ஒன்பதும் மெல்லுகிற சத்தம்.
பிறகு சிரிப்பா மூக்குறிஞ்சலா தெரியவில்லை,
அதன் பிறகு:
"பிரண்டி எங்கயப்பா?
பிள்ளையிட்டச் சொல்லுங்க,
ஆட்ட நான் இன்னும் கடிக்கேல்ல."

செரோனி போனைப் பறித்து
மானென்று திருத்தி அனுப்பினாள்.