முன் என்று எழுதியிருந்த பக்கம்

நீதிமன்றத் தாளில்
கார் அவருக்கு, படகு எனக்கு.
பத்து மாவுங் பலகைத் துறையில்
இரண்டு மழைக்காலம் நனைந்து கிடந்தது படகு.
நாற்பது குதிரை என்று
எஞ்சின் மூடியில் போட்டிருந்தது.
ஒரு குதிரையும் கனைக்கவில்லை.

வந்து பார்க்கவே இருநூறு வெள்ளி என்றான் மெக்கானிக்.
நான் பாயான் லெப்பாஸில்
பன்னிரண்டு மணிநேரம் நுண்ணோக்கியில் சில்லு பார்க்கிறவள்.
முடியைவிட மெல்லிய கம்பி
எங்கே அறுந்தது என்று சொல்லிவிடுவேன்.
இத்தனை பெரிய இரும்பில்
என்ன ரகசியம் இருந்துவிடும்?

காய்கறித் தள்ளுவண்டியில் ஏற்றி
பத்தாவது மாடிக்குக் கொண்டுபோனேன்.
லிஃப்டுக்குள் பெட்ரோல் வாசம்
இரண்டு நாள் குடியிருந்தது.

துணிக்கொடிக்குக் கீழே வைத்து
கியர் எண்ணெயை வடித்தேன்.
தே தாரிக் நிறத்தில் இறங்கியது, நுரையோடு.
கடல் உள்ளே புகுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.
எத்தனை நாளாக என்பதை எண்ணெய் சொல்லாது.

தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சுழலியில்
ஆறு இறகில் நாலைக் காணோம்.
தேடச் சொல்கிறது கையேடு,
எங்காவது நீர்வழியை அடைத்துக்கொண்டிருக்குமாம்.
மூன்று கிடைத்தன.

ஒன்பது போல்ட்டில் எட்டு கழன்றது.
ஒன்பதாவதற்கு டீசல்,
முடி உலர்த்தும் கருவியின் சூடு,
சுத்தியல்,
ஹொக்கியன் கெட்டவார்த்தை ஒன்று,
கடைசியில் கெஞ்சல்.
தலை கையோடு வந்தது.
உடம்பு உள்ளேயே நின்றுகொண்டது.

பிறகு சிலிண்டர்.
உள்சுவரில் விரல்நகத்தை ஓட்டினேன்.
நகம் மாட்டியது.
நுண்ணோக்கி தேவைப்படாத இடம் அது.
வேறு எஞ்சின்தான்.

குவாலா ஜூருவில் கூண்டுமீன் வளர்க்கும் சூன் லியாங்
பதினைந்து குதிரை ஒன்றை
இரண்டாயிரம் சொன்னார்.
ஆயிரத்து அறுநூறும்
என் தையல் மெஷினும் என்று முடிந்தது.
மெஷினைக் கேட்டது அவர் மனைவி.
ஊசி எப்படிக் கோப்பது என்று காட்டிவிட்டு வந்தேன்.

ஷிஃப்டுத் தோழி நோர்லீசா
தம்பியின் வேனைக் கேட்காமலே எடுத்துவந்தாள்.
கார் நிறுத்துமிடத்தில், நீல டிரம்மில் நீர் நிரப்பி,
டிரம்மோடு சேர்த்து எஞ்சினைக் கட்டி
கயிற்றை இழுத்தோம்.
பதினோராவது இழுப்பில் இருமியது.
இரண்டாம் மாடி கமலேஸ்வரி அக்காவின் படுக்கை விரிப்புகள் மேல்
நீலப் புகை ஏறியது.
அவர் எங்களைத் திட்டிய திட்டு எதுவும் கேட்கவில்லை,
அவ்வளவு சத்தம்.

பக்கத்துத் துளையில்
ஒல்லியாக நீர் பீச்சினால் பம்பு நலம்.
குனிந்தே நின்றோம்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
"கென்சிங்! கென்சிங்!" என்று குதித்தாள் நோர்லீசா.
மகப்பேறு வார்டில் இப்படிச் சிரித்திருக்கிறேன்
ஒருமுறை.

ஞாயிறு. நீர் ஏறும் நேரம்.
புது எஞ்சின், பழைய கேபிள், பழைய கைப்பிடி.
ஷிஃப்டுக்கு இன்னும் நாலு மணிநேரம்.
கட்டை அவிழ்த்து
'முன்' என்று எழுதியிருந்த பக்கம் தள்ளினேன்.

படகு பின்னால் போய்த் துறைக்கம்பத்தில் முட்டியது.
கொக்கு ஒன்று எழுந்து, எங்களைப் பார்த்து,
அடுத்த கம்பத்துக்கு மாறி உட்கார்ந்தது.

கேபிளில் கோளாறு இல்லை.
அந்தக் கம்பெனி தள்ளுகிற இடத்தில்
இந்தக் கம்பெனி இழுக்கிறது,
அவ்வளவுதான்.
கழற்றித் திருப்பிப் போட
ஒரு மணிநேர வேலை, எட்டாம் எண் ஸ்பேனர்.
ஸ்பேனர் பத்தாவது மாடியில்.

நோர்லீசா என் முகத்தைப் பார்த்தாள்.
கைப்பிடியை மெல்ல
நெஞ்சுப் பக்கம் இழுத்தேன்.
மூக்கு திரும்பியது, இரண்டாம் பாலத்தின் தூண்களை நோக்கி.

அந்தப் பக்கம் கைப்பிடி பாதிதூரம்தான் நகரும்.
பின்னால் போகிறவர்களுக்கு வேகம் எதற்கு என்று
அப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள்.
போதும்.
பாதி வேகத்தில் போனோம்.
நீர் பீச்சுகிறதா என்று
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.